குலுக்கியோ, குலுக்காமலோ

மார்கழி ஏழு. பாஷையூர் உபதபாற் கந்தோர்.
கடற்பக்கமிருந்து மழை சாய்ந்தடிக்க
யன்னலைச் சாத்திவிட்டு
முத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பெனடிக்ரா வந்து மேசையில் வைத்தது
கடிதமில்லை, பொதியுமில்லை.
காதுடைந்த ஒரு கோப்பை,
விளிம்புவரை பிளம்ஸ்.

"ஒருக்கா நிறுத்துத் தாங்கோ."
"எங்கை அனுப்ப?"
"ஒரு இடமுமில்லை. கேக்குக்கு."

விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கமில்லை.

மார்க்கத்திலிருந்து மச்சாள் எமில்டா
வைபரில் அனுப்பின கணக்கு முழுக்கக் கப்பில்:
பிளம்ஸ் மூன்று, சுல்தானா இரண்டு,
பேரீச்சம்பழம் ஒன்றரை, பூசணித் தோசி அரை.
பெரியகடைக்காரனோ கிராமில்தான் கட்டித் தருவான்.
கப் என்று கேட்டால்
தேத்தண்ணிக் கடை எதிர்ப்பக்கம் என்பான்.

வீட்டுத் தராசுக்கு பற்றரி செத்துப் போச்சு.
கோப்பைக்கு மட்டும் உத்தரவாதம் இருந்தது:
மகனின் இருமல் மருந்து மூடியால்
பதினாறு தரம் தண்ணீர் ஊற்றி
இருநூற்று நாற்பது மில்லி என்று கண்டவள்.

வெறுங்கோப்பையின் எடையைக் கழித்தேன்.
நூற்று நாற்பத்தெட்டு.
எழுதப் போனபோது "பொறுங்கோ" என்றாள்.
கோப்பையை மூன்று தரம் மேசையில் தட்டினாள்.
பிளம்ஸ் இறங்கி ஒரு விரல் இடம் விட்டது.
பையிலிருந்து அள்ளி நிரப்பினாள்.
நூற்று அறுபத்துமூன்று.
பிறகு பெருவிரலால் அமத்தி, மேலே இன்னும் போட்டு,
திரும்ப அமத்தி:
நூற்று எண்பத்தொன்று.

மூன்று கப்பென்றால்
முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் நூறு கிராம்,
ஒன்று குறைய.
கேக் நடுவில் குழியிறதும் குழியாததும்
அதுக்குள்ளைதான் இருக்கு என்றாள்.

"எமில்டா அமத்திறவவோ?" என்று கேட்டேன்.

மழையைப் பார்த்தபடி யோசித்தாள்.
"போகேக்கை சூட்கேசுக்கு மேலை
முழங்காலால் ஏறி நிண்டு பூட்டினவ.
ஆனால் சோறு போடேக்கை
அகப்பையைத் தட்டவே மாட்டா."

எடுத்துக் கேட்கலாம். அங்கே சாமம்.

இருபத்திரண்டு வருசமாய் இந்தத் தராசில்
ஒடியலும் பினாட்டும் மிளகாய்த் தூளும்
கடல் தாண்டிப் போயிருக்கின்றன.
எவ்வளவு எடை என்று கேட்டேன், எவ்வளவு காசு என்று சொன்னேன்.
அதற்குள் எவ்வளவு காற்று என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

வரிசையில் நின்ற யூஜின்
ஈரக்குடையை மடக்காமலே சொன்னார்:
"மீன் மாதிரிக் கூறு போட்டு வித்தால்
இந்தக் கரைச்சல் இல்லை."
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பழைய தந்திப் படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்.
இப்போது அதற்கு வேறு வேலையில்லை.
*தட்டி, அமத்தாமல். கப் 163. மூன்று கப் 489.*
முத்திரை குத்தாத குறை.

வாசித்துவிட்டு வாசலில் நின்றாள்.
"இது பிரண்டியில ஊறப்போட முன்னமோ,
ஊறின பிறகோ?"

எமில்டா அதையும் எழுதவில்லை.

அவள் போன பின் பார்த்தேன்,
தட்டில் ஒரு பிளம்ஸ் தனியே கிடந்தது.
தராசு சுழியம் என்றது.
இரண்டு கிராமுக்குக் கீழே எதுவும் அதற்குத் தெரியாது.
அரசாங்கச் சொத்தில்லை என்று உறுதி செய்துகொண்டு
வாயில் போட்டேன்.

அடுத்தநாள் கதவு திறக்க முதலே வந்து நின்றாள்.
கையில் போன்.
மார்க்கத்தின் பதிலில் ஒரு சொல்லுமில்லை,
படம் மட்டும்:
எமில்டாவின் வளையல் கை, கண்ணாடிக் கப்,
விளிம்புக்கு மேலே கோபுரமாய்
பிளம்ஸ்.

குவிச்சு!
நாங்கள் இரண்டுபேரும் நினைக்காதது.

தராசைத் துடைத்தேன்.
"கோப்பையைக் கொண்டந்தனீரோ?"